பேசாத பிள்ளை நல்ல பிள்ளையா?

 



ஸூரத்துர் ரஹ்மானின் தொடக்கத்தை எத்தனையோ முறை ஓதியிருப்பீர்கள். குர்ஆனைக் கற்றுக் கொடுத்ததை அல்லாஹ் முதலில் சொல்கிறான். மனிதனைப் படைத்ததை அடுத்துச் சொல்கிறான். அதற்கு அடுத்து, அந்த மனிதனுக்கு ‘பயான்’ கற்றுக் கொடுத்ததைச் சொல்கிறான் (55:1-4). ஜும்ஆவில் நாங்கள் மிம்பர் பக்கத்தில் நின்று பேசுவதற்கும் பயான் என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் இந்த ஆயத்தில் வருகிற பயான் ஆலிம்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டதல்ல. மனதில் இருப்பதை வார்த்தையாக்கி அடுத்தவருக்குப் புரிய வைக்கும் ஆற்றல் அது. கண்ணையும் காதையும் கைகாலையும் இந்த இடத்தில் சொல்லவில்லை. படைத்ததற்கு அடுத்து இதைத்தான் சொல்கிறான்.

இந்த நிஃமத்தை ஒரு குழந்தையிடம் வளர்க்கும் பொறுப்பு முதலில் தாய் தகப்பனுக்கு. ஆனால் நாலைந்து வயதானதும் பகலில் பெரும்பகுதி ஆசிரியர்களிடம் போய்விடுகிறது. காலையில் மக்தப், பிறகு ஸ்கூல், மாலையில் டியூஷன். நம் ஜமாஅத்தில் டீச்சர்களாக இருக்கும் சகோதரிகள் பலர். ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுகளும் ஆலிமாக்களும் இருக்கிறார்கள். அவர்களிடமும், பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பும் உங்களிடமும் இந்த வாரம் ஒரு கேள்வியை வைக்கிறேன். வகுப்பில் வாய் திறக்காமல் கை கட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து ‘அதபான பிள்ளை’, ‘நல்ல பிள்ளை’ என்கிறோமே, அந்தத் தீர்ப்பு சரியா?

ஒரு சகோதரர் தன் மகனைப் பற்றி என்னிடம் சொன்னார். இரண்டாம் வகுப்புப் பையன். ஸ்கூல் வேனில் பெரிய பையன்கள் இரண்டு மாதமாக அவன் டிஃபனைப் பிடுங்கித் தின்று, முதுகில் குத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். சட்டையைக் கழற்றும்போது தாய் கண்டுபிடித்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. “ஏன்டா வாப்பா சொல்லல?” என்று கேட்டதற்கு, “எப்படிச் சொல்றதுன்னு தெரியலத்தா” என்றானாம். அதே மாதம் வந்த ரேங்க் கார்டில், மிகவும் அமைதியான மாணவன் என்று பாராட்டி எழுதியிருந்தது. அந்த டீச்சரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த வார்த்தையை நாமெல்லோரும் பாராட்டாகத்தான் படிப்போம். தனக்கு நடந்ததை எடுத்துச் சொல்லத் தெரியாத பிள்ளையை எவனும் எதுவும் செய்யலாம் என்பது, செய்கிறவனுக்கு நன்றாகத் தெரியும். வேனில் நடப்பதைவிடக் கேவலமானதெல்லாம் நாட்டில் நடக்கிறது. பேப்பரில் நீங்களே படிக்கிறீர்கள்.

சரி, ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? என் கண்ணில் படும் மக்தபிலிருந்தே தொடங்குகிறேன்.

மக்தபில் பிள்ளையின் நாவுக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று ஓதுவது. உஸ்தாத் ஓதுவார், பிள்ளை அப்படியே திருப்பி ஓத வேண்டும். பெரிய காஃபையும் சின்ன காஃபையும் மாற்றினால் இதயம் என்ற சொல் நாய் என்றாகிவிடும். அங்கே தவறை அந்த இடத்திலேயே நிறுத்தி, நாக்கு எங்கே படவேண்டும் என்று காட்டித் திருத்துவது கடமை. குர்ஆன் அல்லாஹ்வின் சொல்; அதில் பிள்ளையின் சொந்தச் சரக்குக்கு இடமில்லை. (அதிலும்கூட, திக்கித் திணறி ஓதுபவருக்கு இரண்டு கூலி என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி சொல்லியிருப்பதை மறந்துவிட்டுப் பிரம்பைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது தனி பயானுக்கு உரிய விஷயம்.)

இரண்டாவது, பேசுவது. அதே பிள்ளை சபக் கொடுக்க வரும்போது, “உஸ்தாத், நேத்து எங்க அக்கா வந்தான்” என்கிறது. வீட்டில் உருது பேசும் பிள்ளை. தமிழில் வந்தான், வந்தாள், வந்தாங்க இன்னும் பிடிபடவில்லை. இந்த வாக்கியத்தை யாரும் அதற்கு ஓதிக் கொடுக்கவில்லை. மனதில் இருந்த ஒன்றைச் சொல்ல அதுவே முதன்முதலாகக் கட்டிய வாக்கியம். இதையும் சபக் மாதிரி நினைத்து, ‘வந்தான்’ என்ற இடத்தில் நிறுத்தி, “அக்கா வந்தானா?” என்று கேட்டால் என்ன ஆகும்? நாற்பது பிள்ளைகளும் சிரிக்கும். சிரித்தது ஒரு நிமிடம்தான். ஆனால் அந்தப் பிள்ளை அடுத்த தடவை தானாக வந்து எதுவும் சொல்லாது. அக்கா பிரசவம் முடிந்து பாப்பாவோடு வந்திருக்கும் சந்தோஷத்தைச் சொல்லத்தான் அது ஓடி வந்தது. அந்தச் செய்தி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

இன்னொரு உஸ்தாத் இருக்கிறார். அவர் இப்படிச் சொல்வார்: “மாஷா அல்லாஹ், அக்கா வந்தாங்களா? பாப்பாவையும் தூக்கிட்டு வந்தாங்களா?” பிள்ளைக்குச் சரியான சொல் காதில் விழுந்துவிட்டது, யாரும் அதைத் தடுத்து நிறுத்தவில்லை, மேலே பேசுவதற்கு ஒரு வழியும் கிடைத்துவிட்டது. “ஆமா, பாப்பா வந்துச்சு, சின்ன கை” என்று தொடரும். பிள்ளை சொன்னதைச் சரியாகவும் சற்று விரிவாகவும் திருப்பிச் சொல்லி, அடுத்த கேள்வியைக் கேட்பது மொழி வளர்ச்சிக்குப் பெரிதும் உதவுகிறது என்று குழந்தைகளின் மொழியை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். எந்தப் பயிற்சிக்கும் போகாமலே நம் வீட்டுப் பெண்கள் இதைச் செய்கிறார்கள். ஒன்றரை வயதுக் குழந்தை “தண்ணி” என்றால், “தண்ணி வேணுமா? பானைத் தண்ணி வேணுமா, சுடுதண்ணி வேணுமா?” என்பார்கள். தாய் மடியில் கிடைத்த அந்த மரியாதை வகுப்பறைக்குள் நுழைந்ததும் ஏன் நின்றுபோகிறது என்பதுதான் என் கவலை.

உமர் (ரலி) அவர்களின் சபையில் நடந்த ஒன்றைப் பாருங்கள். அல்பகரா அத்தியாயத்தில் தோட்டம் எரிந்துபோவதை உவமையாகச் சொல்லும் வசனம் (2:266) யாரைப் பற்றியது என்று ஸஹாபாக்களிடம் கேட்கிறார்கள். அல்லாஹ்வே அறிந்தவன் என்று பதில் வந்தது. உமர் (ரலி) அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. தெரியும் என்றோ தெரியாது என்றோ சொல்லுங்கள் என்றார்கள். அப்போது இளைஞராக இருந்த இப்னு அப்பாஸ் (ரலி), என் மனதில் ஏதோ படுகிறது என்று இழுத்தார்கள். என் சகோதரர் மகனே, சொல், உன்னை நீயே குறைத்து எண்ணாதே என்று உமர் (ரலி) தைரியம் கொடுத்தார்கள். ஒரு செயலுக்கு உவமை என்று இப்னு அப்பாஸ் (ரலி) பாதி பதில் சொன்னார்கள். எந்தச் செயல் என்று அடுத்த கேள்வி வந்தது. மறுபடியும், ஒரு செயலுக்கு என்றே பதில். இதற்குப் பிறகு உமர் (ரலி) அவர்களே அதை விரித்தார்கள்: நல்லமல் செய்துகொண்டிருந்த செல்வந்தர் ஒருவர், ஷைத்தானின் பிடியில் விழுந்து பாவங்களில் இறங்கி, தன் அமல்களையெல்லாம் பாழாக்கிக்கொள்வதற்கு அது உவமை (புகாரி 4538).

இதை நாங்கள் தஃப்ஸீர் பாடத்தில் ஓதியிருக்கிறோம். கற்பிக்கும் முறைக்கான பாடமாகவும் ஓதியிருக்க வேண்டும். அந்தப் பாதி பதிலை அமீருல் முஃமினீன் தள்ளிவிடவில்லை. தூண்டினார்கள், கேட்டார்கள், கடைசியில் அந்தப் பாதியின் மீதே மீதியைக் கட்டினார்கள்.

அவர்களே தகப்பனாக இருந்து நடந்துகொண்ட இன்னொரு சம்பவமும் உண்டு. மரங்களில் ஒன்று முஃமினைப் போன்றது, அது எது என்று நபி (ஸல்) அவர்கள் சபையில் கேட்டார்கள். பேரீச்சை மரம் என்று இப்னு உமர் (ரலி) அவர்களின் மனதுக்கு வந்துவிட்டது. ஆனால் அங்கே வயதில் சிறியவர் அவர்தான். பெரியவர்கள் பேசாமல் இருக்கும்போது நாம் எப்படிப் பேசுவது என்று வெட்கப்பட்டு இருந்துவிட்டார். பிறகு தகப்பனாரிடம் சொன்னார். நம்மில் ஒருவராக இருந்தால், பெரியவங்க முன்னாடி வாயைத் திறக்காம இருந்தியே, அதுதான் நல்ல பிள்ளை என்று தட்டிக் கொடுத்திருப்போம். உமர் (ரலி) அவர்களோ, நீ அதைச் சொல்லியிருந்தால் இன்னின்ன செல்வங்களை விடவும் எனக்குப் பிரியமாக இருந்திருக்கும் என்றார்கள் (புகாரி 131). அந்தக் கேள்வியைச் சிறுவர் இருக்கும் சபையில் வைத்ததே நபி (ஸல்) அவர்கள்தான் என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி கேட்டால் மட்டும் போதுமா? கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் பள்ளி வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதற்குள் அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார்கள், அல்லது தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். மூன்று விநாடிக்கு மேல் காத்திருக்கப் பழகிய வகுப்புகளில் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். தாங்களாகக் கேள்வி கேட்கவும் ஆரம்பித்தார்கள். மூன்று விநாடி என்பது நிதானமாக மூன்று முறை ஸுப்ஹானல்லாஹ் சொல்லும் நேரம். இதற்குக் காசு பணம் எதுவும் தேவையில்லை.

எதைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். நம் வகுப்புகளில் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் ஆசிரியருக்கு ஏற்கெனவே தெரியும். இஸ்லாத்தின் கடமைகள் எத்தனை? ஐந்து. முடிந்தது. ஒரே சொல்லில் பதில் வரும் கேள்வியால் பரீட்சை வைக்கலாம், பேச்சை வளர்க்க முடியாது. அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர். அவர் விளையாடி வந்த சிறு பறவை இறந்துவிட்டது. வீட்டுக்கு வந்த நபி (ஸல்) அவர்கள் பிள்ளையின் முகம் வாடியிருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டார்கள், வீட்டார் சொல்லிவிட்டார்கள். விஷயம் தெரிந்துவிட்டது, அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பி, பெரியவர்களை அழைப்பதுபோல ‘அபூ உமைர்’ என்றே அழைத்து, உன் குருவி என்ன ஆயிற்று என்று அவரிடமே கேட்டார்கள். அரபியில் அந்தப் பெயரும் பறவையின் பெயரும் எதுகை போல ஒத்து ஒலிக்கும். சின்னப் பிள்ளையின் காதுக்கு இனிக்கும். தன் துக்கத்தைத் தன் வாயால் சொல்லும் உரிமையை நபி (ஸல்) அவர்கள் ஒரு சிறு பிள்ளைக்குக் கொடுத்தார்கள். இந்த ஹதீஸில் என்ன பலன் இருக்கிறது, இதையெல்லாமா அறிவிப்பது என்று சிலர் ஏளனம் செய்தபோது, ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்களில் ஒருவரான இப்னுல் காஸ் (ரஹ்) இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட பலன்களை எடுத்துத் தனி நூலே எழுதினார்கள்.

“ஹள்ரத், நம் மத்ரஸாக்களில் காலங்காலமாக மனப்பாடம்தானே? அதில்தானே பெரிய பெரிய ஆலிம்கள் வந்தார்கள்?” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் மனப்பாடம் செய்து ஓதி வந்தவன்தான். மனனத்தின் பரக்கத்தை மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கவலை இன்றைய கல்வியாளர்களிடமிருந்து வந்தது என்று நினைக்காதீர்கள். இப்னு கல்தூன் (ரஹ்) 1377இல் எழுதிய ‘முகத்திமா’வில் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். மொராக்கோ பகுதியின் மத்ரஸாக்களில் மாணவர் தங்கிப் படிக்கும் காலம் 16 வருடம், துனிஸில் 5 வருடம். இவ்வளவு நீளக் காரணம் என்ன? இல்மில் தேர்ச்சி பெற எளிய வழி நாவைத் திறந்து உரையாடுவதும் விவாதிப்பதும்தான். அங்கே மாணவர்கள் ஆயுளின் பெரும்பகுதியை அறிவுச் சபைகளில் கழித்தும் வாய் திறப்பதில்லை, தேவைக்கு மேல் மனனத்திலேயே கவனம் வைக்கிறார்கள், பிறகு பேசவோ கற்றுக் கொடுக்கவோ வரும்போது திணறுகிறார்கள் என்பது அவர்களின் கணிப்பு. மாணவர்களிடம் கடுமை காட்டினால் அவர்களின் உற்சாகம் செத்துப்போகும், அடிக்குப் பயந்து பொய்யும் வேஷமும் பழகிக்கொள்வார்கள் என்றும் அதே நூலில் எழுதியிருக்கிறார்கள். 600 வருடங்களுக்கு மேலாகியும் நம் ஊர் ஸ்கூல்களில் பாடப் புத்தகத்தை ஒப்பிக்க வைத்து முழு மார்க் போடுகிறோம்.

இன்னொரு கேள்வியும் வரும். பேசினால் நல்லதைப் பேசட்டும், இல்லையேல் வாய்மூடி இருக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்களே (புகாரி 6018)? ஆம். நாவைப் பேணுவது ஈமானில் உள்ளது. ஆனால் சற்று யோசியுங்கள். பேச முடிந்தவன் புறம் பேசாமல் அடக்கிக்கொண்டால்தான் அது அமல். கையில் காசே இல்லாதவனைப் பார்த்து, வீண்விரயம் செய்யாத நல்ல மனிதர் என்று யாராவது பாராட்டுவோமா? நல்லதைப் பேசு என்பது அந்த ஹதீஸின் முதல் பாதி. அதற்குரிய வார்த்தைகளைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் இரண்டாம் பாதியை மட்டும் அமல்படுத்துகிறோம். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் மீது.

கிண்டலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூஸா (அலை) அவர்கள் தன் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடும்படி அல்லாஹ்விடம் கேட்டார்கள். ஏன்? மக்கள் தன் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக (20:27-28). தன்னைவிடச் சரளமாகப் பேசும் சகோதரர் ஹாரூனைத் துணைக்குக் கேட்டார்கள் (28:34). அல்லாஹ் கொடுத்தான். அந்தப் பேச்சைக் குத்திக்காட்டியவன் யார் தெரியுமா? தெளிவாகப் பேசக்கூட வராதவர் என்று தன் சமூகத்தின் முன்னால் இளக்காரம் செய்தது ஃபிர்அவ்ன் (43:52). திக்கிப் பேசும் பிள்ளையை வகுப்பின் முன்னால் நடித்துக் காட்டும் ஆசிரியர், தான் யாருடைய இடத்தில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டு மொழி விஷயத்திலும் இதே அலட்சியம் நடக்கிறது. தமிழில் பேசினால் அபராதம் போடும் இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்கள் இருக்கின்றன. பெருமையாக அங்கே சேர்க்கும் பெற்றோரும் இருக்கிறோம். மொழிகள் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் சொல்கிறான் (30:22). ஒவ்வொரு தூதரையும் அவருடைய சமுதாயத்தின் மொழியிலேயே அனுப்பினான் (14:4). தெரிந்த மொழியில் நாலு வாக்கியம் கோவையாகப் பேசத் தெரிந்த பிள்ளைதான் அடுத்த மொழியையும் வேகமாகப் பிடிக்கும். காயல்பட்டினம், கீழக்கரை பகுதியில் நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அர்வியை வளர்த்தார்களே, அதன் நோக்கம் என்ன? தமிழ் ஒலிகளுக்காகப் புது எழுத்துகளைக்கூடச் சேர்த்து, வீட்டுப் பெண்களும் தங்கள் மொழியிலேயே மார்க்கத்தைப் படிக்க வழி செய்தார்கள். குர்ஆன் ஓதத் தெரிந்த கண்ணுக்கு அந்த எழுத்து தெரியும். வாசித்தால் காதுக்குத் தமிழ் கேட்கும். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ உருதும் தமிழும் கலந்து பேசும் பிள்ளையின் பேச்சையும் உஸ்தாத் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கலந்து பேசுவது குழப்பமல்ல. கையில் இருக்கிற எல்லாவற்றையும் வைத்து அது சொல்ல முயல்கிறது.

“ஒரு உஸ்தாத், நாற்பது பிள்ளை, ஒரு மணி நேரம். இதில் யாரைப் பேச வைப்பது?” என்று ஓதிக் கொடுப்பவர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. உண்மைதான். பள்ளிவாசலுக்கு ஏசி போட நாலு பேர் முன்வருகிறோம். மக்தபுக்கு இரண்டாவது உஸ்தாதை வைக்கவும், இருக்கிற உஸ்தாதுக்கு மரியாதையான சம்பளம் கொடுக்கவும் கமிட்டியில் பட்ஜெட் இல்லை. இதை நிர்வாகிகள் முன்னிலையிலேயே சொல்கிறேன்.

அதுவரைக்கும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சபக் முடிந்த பிறகு கடைசிப் பத்து நிமிடம். யூனுஸ் (அலை) அவர்களை மீன் விழுங்கிய வரலாற்றை உஸ்தாத் சொல்ல வேண்டியது. பிறகு பிள்ளைகள் இருவர் இருவராகத் திரும்பி உட்கார்ந்து, ஒருவர் மற்றவருக்குத் தன் சொந்த வார்த்தையில் அதைச் சொல்ல வேண்டியது. மீன் வயிற்றுக்குள் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். நம் மக்தபில் ஒரு பிள்ளை, கரண்ட் போன மாதிரி இருந்திருக்கும் என்றது. இருளைப் பற்றி இதைவிடத் தெளிவாக நான் பயானில் சொன்னதில்லை. நாற்பது பிள்ளைகளில் இருபது பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். சத்தம் இருக்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் உள்ளே தொழுதுகொண்டிருப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வெளி வராந்தாவில் உட்கார வைத்துக்கொள்ளலாம். வராந்தாவில் சத்தம் என்று முதவல்லியிடம் புகார் கொண்டு போகாதீர்கள்.

பெற்றோரே, பிள்ளை வீட்டுக்கு வந்ததும் எத்தனை பக்கம் ஓதினாய், எத்தனை மார்க் வாங்கினாய் என்று மட்டும் கேட்கிறீர்கள். இன்று மஃரிபுக்குப் பிறகு போனைத் தள்ளி வைத்துவிட்டு, இன்றைக்கு உன்னைச் சிரிக்க வைத்தது எது, அழ வைத்தது எது என்று கேளுங்கள். தெரியல என்று முதலில் சொல்லும். மூன்று முறை ஸுப்ஹானல்லாஹ் சொல்லும் நேரம் பொறுத்திருங்கள். பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் தொடங்கும், வேனில் ஏறியதிலிருந்து வரும், நடுவில் அறுந்து போகும். இடையில் திருத்தாமல் முடிக்க விடுங்கள்.